ஒரிஜினல் பத்திரம் எங்கே?

கேள்வி: டெக்சாஸில், ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன். கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. 2011-இல் வாங்கிய வீடு. இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் மீதிக் கடனை அடைத்துவிட்டேன். பேங்குக்கு போன் செய்து ஒரிஜினல் பத்திரத்தைக் கேட்டால், "எங்களிடம் பத்திரம் எதுவும் இல்லை" என்கிறார்கள். வீடு வாங்கும்போது நான் ஹெச்-4 விசாவில், அதாவது கணவரைச் சார்ந்து வந்தவளுக்கான விசாவில் இருந்தேன். கடன் அவர் பெயரில் மட்டும்தான். வீட்டில் என் பெயர் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. மதுரையில் இருக்கும் அண்ணன், "ஒரிஜினல் கையில் இல்லாவிட்டால் வீடு உன்னுடையது இல்லை, முதலில் அதை வாங்கு" என்று தினமும் சொல்கிறார். இதற்கிடையில் தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. 98 டாலர் அனுப்பினால் பத்திரத்தின் நகல் தருவார்களாம். அனுப்பலாமா?

பதில்: அந்த 98 டாலரை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அதே நகலை, பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகத்தில் நீங்களே வாங்கலாம். டெக்சாஸ் சட்டப்படி ஒரு பக்கத்துக்கு 1 டாலர். முத்திரையும் கையெழுத்தும் போட்டுச் சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் அதற்கு மேல் 5 டாலர். வீட்டுப் பத்திரம் மூன்று பக்கம் இருந்தால் மொத்தம் 8 டாலர். வந்த கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அரசாங்கக் கடிதம் போன்ற கட்டம், உங்கள் வீட்டு விலாசம், வாங்கிய தேதி எல்லாம் சரியாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில், 'இது அரசு நிறுவனம் அல்ல' என்று ஒரு வரியும் இருக்கும். உங்கள் விவரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பயப்பட வேண்டாம். கவுண்டிப் பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. அவர்களும் அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

இப்போது அண்ணனுக்கு வருவோம். அவர் சொல்வது மதுரைக்குச் சரி. என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். மூலப் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவியை அவர் அரைஞாணில்தான் கட்டியிருப்பார். ஊரில் வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, ஒரிஜினலை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, கடைசித் தவணை கட்டியதும் கையில் கொடுக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு 'பேங்கில் பத்திரம் இல்லை' என்றால் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் இங்கே பேங்க் உங்கள் பத்திரத்தை ஒருநாளும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது தேவையே இல்லை. கடனுக்கு ஈடாக 'டீட் ஆஃப் டிரஸ்ட்' என்று தனியாக ஒன்றை எழுதி வாங்கி, அதையும் கவுண்டியில் பதிவு செய்துவிடுவார்கள். பிடி அதில்தான் இருக்கிறது.

அப்படியானால் 2011-இல் எழுதிய ஒரிஜினல் எங்கே போயிற்று? பதிவேட்டில் உரிமையைச் சரிபார்த்து, வீட்டுக் கிரயத்தை முடித்துக் கொடுத்த டைட்டில் கம்பெனி அதைக் கவுண்டிக்கு அனுப்பும். கவுண்டியில் அதைப் படம் எடுத்து, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டு, பத்திரத்தில் எழுதியிருக்கும் விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். சில வாரம் கழித்துச் சாதாரண உறையில் வந்திருக்கும். கூப்பன், கிரெடிட் கார்டு விளம்பரத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போன பத்திரங்கள் ஏராளம். போனால் போகட்டும். இங்கே வீட்டை விற்கும்போது ஒரிஜினலைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவருக்காக என்னைப் போல ஒருவன் கவுண்டிப் பதிவேட்டைத்தான் தோண்டுவான். இருபது வருடமாக எனக்கு அதுதான் வேலை. இதுவரை ஒருவரும் என் மேஜையில் ஒரிஜினலைக் கொண்டுவந்து வைத்ததில்லை. வைத்திருந்தாலும் அதைப் பார்க்காமல் பதிவேட்டைத்தான் பார்த்திருப்பேன்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது இரண்டு. 2011-இல் உங்களுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல் ஒன்று. கடன் அடைந்ததற்கான 'ரிலீஸ் ஆஃப் லியன்' மற்றொன்று. இரண்டாவதை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவே இல்லை. எனக்குக் கவலை அதில்தான்.

தேடும் முன் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் கவுண்டி இரண்டு. கிழக்குப் பக்கம் காலின் கவுண்டி, அதன் தலைநகர் மெக்கின்னி. மேற்குப் பக்கம் டென்டன் கவுண்டி, அதற்கு டென்டன் நகரம். தபால் விலாசத்தில் ஃப்ரிஸ்கோ என்றுதான் இருக்கும், கவுண்டி பெயர் இருக்காது. தவறான கவுண்டியில் தேடிவிட்டு, "என் வீடே பதிவாகவில்லை" என்று அழாத குறையாக போன் செய்தவர்களை எனக்குத் தெரியும். எது உங்கள் கவுண்டி என்பதைக் கண்டுபிடிக்க, வீட்டு வரிக்கான தாளை எடுங்கள். 'காலின் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்' அல்லது 'டென்டன் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்' என்று வீட்டு மதிப்பைக் குறித்து வசந்த காலத்தில் ஒரு நோட்டீஸ் வருமே, அதுவே போதும்.

அந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் கொடுத்தால் உங்கள் வீட்டின் பக்கம் திறக்கும். அதில் இரண்டு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, 'லீகல் டிஸ்கிரிப்ஷன்': குடியிருப்பின் பெயர், பிளாக், லாட் (மனை எண்). நம் ஊர்ப் பத்திரத்தில் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் செய்யும் வேலையை இங்கே இந்த ஒரு வரி செய்கிறது. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே வாய்க்கால் என்றெல்லாம் இருக்காது. இன்னொன்று, கீழே 'டீட் ஹிஸ்டரி' என்று வரும் சின்ன அட்டவணை. யார் யாருக்கு விற்றார், எந்தத் தேதி, எந்தப் பதிவு எண் என்று இருக்கும். 2011-க்கு நேரே இருக்கும் அந்த நீள எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளுக்கு எண்ணுக்குப் பதில் வால்யூம், பக்கம் என்று இருக்கும், அதுவும் சரிதான். இந்தப் பக்கத்தில் 'உரிமையாளர்' என்று வரும் பெயரை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது வரி வசூலுக்காக வைத்திருக்கும் பெயர். பத்திரத்தில் இரண்டு பேர் இருந்து இங்கே ஒருவர் பெயர் மட்டும் வருவது உண்டு.

அடுத்தது கவுண்டி கிளார்க்கின் இணையதளம். அப்ரைசல் டிஸ்ட்ரிக்டும் கவுண்டி கிளார்க்கும் வேறு வேறு அலுவலகங்கள். நிலப் பதிவுகளைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் பத்திரம் வந்துவிடும். எண் கிடைக்காவிட்டால்தான் பெயரை வைத்துத் தேட வேண்டிவரும். நம்மவர்களுக்குப் பாடு அங்கேதான் ஆரம்பம்.

இந்தப் பதிவேடு ஆதியிலிருந்து பெயரை வைத்துத்தான் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் 'கிராண்டர்', எழுதி வாங்கியவர் 'கிராண்டீ'. குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருப்போம். ஆகவே உங்கள் கணவரைப் பதிவேடு அவருடைய அப்பா பெயரில்தான் அறியும். அதைப் போட்டுத் தேடுங்கள். வரவில்லையா, இரண்டையும் மாற்றிப் போடுங்கள். அப்புறம் எழுத்துக்கூட்டல். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை ஒரு பி-யா இரண்டு பி-யா, நடுவில் ஐ-யா ஒய்-யா, கடைசியில் எம்-மா என்-னா என்று எட்டுப் பத்து விதமாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். முழுப் பெயரையும் அடிக்காமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். உங்கள் பெயரைத் தேடும்போது இன்னொன்று: அந்த நாளில் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததா? அப்படியானால் விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று இருந்திருக்கும், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதையே சிலர் பத்திரத்திலும் ஏற்றிவிடுவார்கள். 'எஃப்.என்.யூ. லட்சுமி' என்று ஒருவர் டெக்சாஸில் வீடு வைத்திருப்பதை நானே படித்திருக்கிறேன். எதுவும் பலிக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு, குடியிருப்புப் பெயர், பிளாக், லாட் போட்டுத் தேடும் இடம் இருக்கிறதா பாருங்கள். நிலத்துக்கு எழுத்துக்கூட்டல் மாறுவதில்லை.

பத்திரம் திரையில் வரும்போது குறுக்கே 'அன்அஃபிஷியல்' என்று நீர்க்குறி ஓடும். படித்துப் பார்க்க அது போதும். படித்தால் முதலில் திடுக்கிடுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண், ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றை அடித்துவிட உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வது அது. 2004 முதல் எல்லா வீட்டுப் பத்திரத்திலும் இருக்கிறது. அடுத்து விலை: 'பத்து டாலரும் மற்ற மதிப்புள்ள பிரதிபலனும்' என்றுதான் இருக்கும். உங்கள் வீட்டைப் பத்து டாலருக்கு எழுதிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் கிரயத் தொகையைப் பத்திரத்தில் காட்ட வேண்டியதில்லை. நம் ஊர் போல முத்திரைத் தீர்வையும் கிடையாது. கடைசியாக, கையெழுத்து. விற்றவர் மட்டும் நோட்டரி முன்னால் போட்டிருப்பார். வாங்கிய உங்கள் கணவரின் கையெழுத்து, கைரேகை, போட்டோ எதுவும் இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

உங்கள் கேள்விக்கான பதில் முதல் பக்கத்தில், 'கிராண்டீ' என்று இருக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே அவர் பெயர் மட்டும் இருக்கிறதா, அவரும் மனைவியும் என்று உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் அவர் பெயரில் என்பதால் வீடும் அவர் பெயரில் மட்டும்தான் என்று முடிவு கட்டாதீர்கள். சம்பளம் இல்லாததால் மனைவியைக் கடனில் சேர்க்காமல், பத்திரத்தில் மட்டும் சேர்ப்பது சாதாரணமாக நடப்பதுதான். அன்று டைட்டில் கம்பெனி மேஜையில் நீங்களும் உட்கார்ந்து சில தாளில் கையெழுத்துப் போட்ட நினைவு இருக்கிறதா? கட்டுக் கட்டாக ஒரு ஃபைல் கொடுத்திருப்பார்களே, அதையும் அலமாரியில் தேடுங்கள். அதில் இருக்கும் டைட்டில் இன்ஷூரன்ஸ் பாலிசியின் 'ஷெட்யூல் ஏ' பகுதியில் யார் யார் பெயரில் வீடு என்று தெளிவாக இருக்கும்.

உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் மலைக்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பின் வாங்கிய சொத்து யார் பெயரில் இருந்தாலும் அது கணவன் மனைவி இருவருக்கும் பொது என்பதுதான் டெக்சாஸ் சட்டத்தின் தொடக்க அனுமானம். உயில் எழுதாமல் அவர் போயிருந்து, அவருடைய பிள்ளைகள் எல்லாரும் உங்கள் பிள்ளைகளாகவும் இருந்தால், அந்தப் பொதுச் சொத்தில் அவர் பங்கு முழுவதும் உங்களுக்கு வரும். பெயர் இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு பேர் பெயர் இருப்பதாலேயே அவர் பாதி தானாக உங்களிடம் வந்துவிடாது. அப்படி வருவதற்குத் தனியாக எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும். ஆகவே எப்படி இருந்தாலும், அவர் பங்கு உங்களுக்கு வந்ததைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உயில் இருந்தால் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று ஏற்க வைப்பது. அதற்கு இறந்த தேதியிலிருந்து 4 ஆண்டு கெடு. உயில் இல்லாவிட்டால், குடும்பத்தை அறிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் கையெழுத்திடும் வாரிசு அஃபிடவிட்டைப் பதிவு செய்வது பொதுவான வழி. இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். நான் பத்திரம் படிக்கிறவன், வக்கீல் இல்லை. ஆனால் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனால், அதைத் தேடியதற்கான மணிக்கணக்குக் கட்டணம் உங்கள் பில்லில் ஏறாது.

அப்புறம் அந்த ரிலீஸ். கடனை அடைத்தது பேங்கின் கணக்கில் ஏறினால் போதாது, கவுண்டியிலும் ஏற வேண்டும். அதே தேடல் பக்கத்தில், கணவர் பெயரைக் 'கிராண்டீ' பக்கம் போட்டு, கடன் அடைத்த தேதிக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் இடத்தில் நீங்கள் கடன் வாங்கிய பேங்கின் பெயர் இல்லாமல் இருக்கலாம். இத்தனை வருடத்தில் கடன் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். 'மார்ட்கேஜ் எலெக்ட்ரானிக் ரெஜிஸ்ட்ரேஷன் சிஸ்டம்ஸ்' என்ற பெயர் வந்தாலும் குழம்ப வேண்டாம், பல பேங்குகளுக்குப் பினாமி போல நிற்கும் நிறுவனம் அது. உள்ளே திறந்து, 2011-இன் டீட் ஆஃப் டிரஸ்ட் எண்ணையே அது குறிப்பிடுகிறதா என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் ரீஃபைனான்ஸ் செய்திருந்தால் பழைய கடனுக்கு ஒரு ரிலீஸ், புதிய கடனுக்கு ஒரு ரிலீஸ் என்று இரண்டு இருக்க வேண்டும். நான் பார்த்த வில்லங்கங்களில் பாதி, என்றோ அடைத்த பழைய கடனுக்கு ரிலீஸ் பதிவாகாமல் விட்டதுதான். பேங்க் மூடி, பெயர் மாறி, ஊழியர்கள் மாறிய பிறகு அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உங்களுக்குப் பதிவாகவில்லை என்றால் கடைசியாகப் பணம் வாங்கிய நிறுவனத்துக்கு இப்போதே எழுத்தில் கேளுங்கள், கடன் எண்ணும் டீட் ஆஃப் டிரஸ்ட் எண்ணும் போட்டு.

நகல் எது வாங்குவது? வக்கீலிடம் காட்டச் சாதாரண நகல் போதும். நீதிமன்றத்துக்கு வேண்டும் என்று அவர் சொன்னால் சான்றிட்டது வாங்குங்கள். இணையத்திலேயே பணம் கட்டி எடுக்கலாம், தபாலிலும் கேட்கலாம். நேரில் போகிறீர்களென்றால், காலின் கவுண்டி கிளார்க் மெக்கின்னியில் புளூம்டேல் சாலையில் இருக்கிறார். நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஆனால் 'என் வீட்டில் வில்லங்கம் இருக்கிறதா, யார் உரிமையாளர்' என்று ஜன்னலில் நிற்பவரைக் கேட்காதீர்கள். நம் சார்பதிவாளர் அலுவலகம் கொடுக்கும் வில்லங்கச் சான்று போன்றதை இங்கே கவுண்டி கொடுப்பதில்லை. அவர்கள் வாங்கி வைப்பார்கள், நகல் தருவார்கள், அவ்வளவுதான். பெயரில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தால் அதற்கும் அவர்களிடம் மருந்து கிடையாது. நம் பிழைத்திருத்தல் பத்திரம் போல இங்கே 'கரெக்‌ஷன் இன்ஸ்ட்ரூமென்ட்' என்று ஒன்று உண்டு, டைட்டில் கம்பெனியோ வக்கீலோ தயாரித்துப் பதிவு செய்வார்கள். போன கையோடு, உங்கள் பெயரில் ஏதாவது பத்திரம் பதிவானால் மின்னஞ்சல் அனுப்பும் இலவச எச்சரிக்கை வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பல கவுண்டிகளில் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது கொஞ்சம் நிம்மதி.

மற்ற மாநிலங்களில் இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. அலுவலகத்தின் பெயர்தான் மாறும்: பென்சில்வேனியாவில் ரெக்கார்டர் ஆஃப் டீட்ஸ், வட கரோலினாவில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க். கனெக்டிகட்டில் கவுண்டியே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊர் கிளார்க்கிடம்தான் போக வேண்டும். நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன், குயின்ஸ், புரூக்ளின், பிராங்ஸ் வீடுகளுக்கு 1966 முதலான பத்திரங்களை 'ஆக்ரிஸ்' தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வாரிசு, கணவன் மனைவி சொத்து பற்றி மேலே சொன்னது டெக்சாஸுக்கு மட்டும்.

நகல் கையில் வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கவுண்டி கிளார்க்கின் பெயர், பதிவு எண், 2011-இல் எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தது என்று ஒரு முத்திரை இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் கேட்கும் ஒரிஜினல் இங்கே அதுதான்.